ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து!

மாணவர்களே, பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில், மழைக்குப் பின் செம்மண் சடக்கில் போயிருக்கிறீர்களா? சக்கரம் சுற்றும், வண்டி நகராது. டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வைச் சேறு குறைத்துவிடுவதே காரணம். எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் வாகனம் அங்கே ஓரளவு சமாளிக்கும்.

அதே வாகனத்தில் இந்தியாவின் லடாக்கிற்குப் போவோம். அது உயரமான குளிர்ப் பாலைவனம். லே நகரில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். ஈப்போவிலோ 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஏறிச் செல்லும் கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். நம் கொர்பு மலை 2,183 மீட்டர்தான்!

கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. மனிதருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். டர்போ இல்லாத எஞ்சினின் திறன் குறையும். அதனால்தான் பயணிகள் முதலில் லேயில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்கிறார்கள்.

ஆனால், பெரிய சோதனை இறங்கும்போதுதான். கணக்கிட்டுப் பாருங்கள். நிலையாற்றல் என்பது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கல். 2,000 கிலோகிராம் வாகனம் 1,850 மீட்டர் இறங்கினால், 2,000 × 9.8 × 1,850 = சுமார் 36 மில்லியன் ஜூல். 25 பாகை செல்சியஸில் இருக்கும் 115 லிட்டர் தண்ணீரை 100 பாகைக்குச் சூடேற்ற இது போதும்!

இந்த ஆற்றல் எங்கே போகும்? ஒரு பங்கைக் காற்றுத்தடையும் டயர்களும் எடுத்துக்கொள்ளும். மீதியை பிரேக் மட்டுமே தாங்கினால், அது அளவுக்கு மீறிச் சூடாகும், உராய்வு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் விசை சக்கரத்தைச் சென்றடையாது.

இதற்குத் தீர்வு, குறைந்த கியர். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்த எதிர்ப்பே வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக்கும் ஆறும்.

இதற்கு லடாக் வரை போக வேண்டியதில்லை. அடுத்த முறை கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும்போது கவனியுங்கள். வண்டி எந்தக் கியரில் இறங்குகிறது? கருகல் வாடை வருகிறதா? வந்தால் தயங்காமல் அப்பாவிடம் சொல்லுங்கள்: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் ஆறிய பின் போகலாம்!