நெஞ்சு 'படபட'க்குதா? கேஸ்னு விட்டுடாதீங்க! தொடை வழியா குழாய் விட்டு சரி பண்ணலாம்

கடலூர்,

திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும். கண் இருட்டும். அரை மணி நேரத்தில் தானா நின்னுடும். "கேஸ் தொல்லைதான்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பி விடுவார்கள். இது இதயத்தின் கரண்ட் கோளாறாகவும் இருக்கலாம்.

இதயம் துடிப்பதே மின்சாரத்தால்தான். மேல் அறையில் பிறக்கும் மின்துடிப்பு, ஒரே பாதையில் கீழ் அறைக்கு இறங்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. சிலருக்கு பிறவியிலேயே இன்னொரு பாதை உபரியாக இருக்கும். கரண்ட் அதில் புகுந்து சுற்றிச் சுற்றி வந்தால் துடிப்பு 150, 200 என்று எகிறிவிடும்.

இதற்குத்தான் 'கதீட்டர் அப்லேஷன்' சிகிச்சை. நெஞ்சைப் பிளக்க வேண்டாம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்துவார்கள். கோளாறான இடத்தைக் கண்டுபிடித்து, ரேடியோ அலை சூட்டால் சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பொசுக்கி விடுவார்கள். உபரி பாதை 'கட்'! பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். இந்த வகை கோளாறில் 100 பேரில் 90 பேருக்கு மேல் குணமாகிறது. அபூர்வமாக சிலருக்கு நல்ல பாதையும் பாதிக்கப்பட்டு 'பேஸ்மேக்கர்' வைக்க நேரிடும். இதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கல் எங்கே என்றால், படபடப்பு நின்ற பிறகு இ.சி.ஜி. எடுத்தால் பலருக்கு 'நார்மல்' என்றே வரும். எனவே அடித்துக்கொண்டு இருக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரியோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியோ, எது கிட்டவோ அங்கே. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் 108-ஐ கூப்பிட வேண்டும். அந்த இ.சி.ஜி. பேப்பரைத் தொலைக்கவே கூடாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்லேஷன் வசதி கடலூரில் இருந்து பஸ்சில் போகும் தூரத்தில், புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரில் உள்ளது. தனியாரில் செலவு லட்சங்களைத் தொடும். முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், தங்களுக்குப் பொருந்துமா என்று அட்மிஷனுக்கு முன்பே விசாரிக்கலாம்.

வயதானவர்களுக்கு அதிகம் வரும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' வேறு ரகம். துடிப்பு தாறுமாறாக இருக்கும். ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. இதற்கும் அப்லேஷன் உண்டு என்றாலும் சிலருக்கு திரும்ப வரும், மறுபடி செய்ய நேரிடும். ரத்தம் உறையாமல் இருக்க தரும் மாத்திரையை 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.