வலி தணிந்ததுபோல் தோன்றும் வேளை

இராஜாக்கமங்கலத்திலிருந்து நெய்யூர் வெகு தொலைவில் இல்லை. அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் 1920-களிலிருந்து நெடுங்காலம் பணியாற்றியவர் டாக்டர் ஹோவர்டு சோமர்வெல். 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற குழுக்களில் இவரும் ஒருவர். ஆயினும் நம் பகுதியில் அவர் பெயர் நிலைத்தது குடற்புண் அறுவைச் சிகிச்சையால்தான். அன்றைய தென் திருவிதாங்கூரில், இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் புண் தோன்றுவது அத்துணைப் பரவலாக இருந்தது.

1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஆராய்ந்து காட்டிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே இப்புண்ணுக்கு முதன்மைக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலான குடற்புண்கள் மாத்திரைகளாலேயே ஆறிவிடுகின்றன.

எனினும், புண் ஆழமாகிக் குடற்சுவரையே துளைத்துவிடும் அவசரநிலை அற்றுப்போய்விடவில்லை. அரிதாகிவிட்டதால் வீட்டாருக்கு அது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவே. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளும் முதியோர் இதற்கு எளிதில் இலக்காகின்றனர்.

துளை விழும் கணத்தில் மேல்வயிற்றில் கத்தியால் குத்தியதுபோன்ற வலி எழும். நோயாளி அசையாமல் படுத்திருப்பார். வயிறு பலகைபோல் இறுகிவிடும். வயிற்றறையினுள் கசிந்த அமிலத்தின் எரிச்சலே இதற்குக் காரணம். சில மணி நேரத்தில் உடல் சுரக்கும் நீர் அந்த அமிலத்தை நீர்த்துப்போகச் செய்வதால் வலி சற்றுத் தணியும். "வாயுதான், சரியாகிவிட்டது" என்று குடும்பத்தினர் ஆறுதலடைவது இந்த வேளையில்தான். உள்ளே கிருமிகள் பெருகுவதும் இதே வேளையில்தான். நீரிழிவு உள்ளவர்களிடமும் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களிடமும் முதற்கட்ட வலியே மங்கலாக இருக்கக்கூடும்.

வலியின் இடமும் ஏமாற்றும். கசிந்த நீர் வலப்பக்கமாக வழிந்து அடிவயிற்றில் தேங்கினால், அது குடல்வால் அழற்சி போலவே தோன்றும். 1926-இல் நியூயார்க்கில் மௌனப்பட நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ இவ்வாறு பாதிக்கப்பட்டு, அறுவைக்குப் பின் சில நாட்களில் 31 வயதில் உயிரிழந்தார். இந்நிலைக்கு அவர் பெயரையே மருத்துவம் சூட்டியிருக்கிறது.

நிமிர்ந்த நிலையில் எடுக்கும் எக்ஸ்-ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறைபோல் காற்று தெரிந்தால் துளை உறுதியாகும். எல்லோருக்கும் அது தெரிவதில்லை. ஐயம் நீடித்தால் சி.டி. ஸ்கேன் தேவை. எக்ஸ்-ரே எடுத்த பின்னும் ஏன் ஸ்கேன் என்று கேட்போருக்கு இதுவே விடை.

"குடலை வெட்டி எடுப்பீர்களா?" என்பது அடுத்து வரும் கேள்வி. பெரும்பாலும் இல்லை. குடலின்மேல் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பின் ஒரு பகுதியை இழுத்துத் துளையின்மேல் வைத்துத் தைத்து, வயிற்றறையைக் கழுவிவிடுகிறோம். கனடிய அறுவை மருத்துவர் ராஸ்கோ கிரஹாம் 1937-இல் விவரித்த முறை இது; இன்றும் இதைவிட எளிய வழி வாய்க்கவில்லை. நோயாளியின் நிலையைப் பொறுத்து, வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பி வழியாகவோ இதைச் செய்யலாம்.

இத்தகைய வலியுடன் ஒருவரை அழைத்து வரும்போது வழியில் காப்பியோ சுக்குக் கஷாயமோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். அவர் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளை, நாட்டு மருந்துப் பொடிகள் உட்பட, கையோடு எடுத்து வாருங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எங்களிடம் கூறினால் போதும்.

அறுவைக்குப் பின் கிருமி இருப்பது தெரிந்தால், வழக்கமாகப் பதினான்கு நாட்களுக்கு மாத்திரைகள் தரப்படும். வாய் கசக்கிறதென்று பலர் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகின்றனர். கிருமி அழியாமல் தங்கிவிடுகிறது. துளை இரைப்பையில் இருந்திருந்தால், புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்ய ஆறு முதல் எட்டு வாரங்களில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அதற்கான தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.