ஆம்புலன்ஸ் வரும் வரை

இதய நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தார், மருந்துச் சீட்டையும் உணவு முறையையும் மறவாமல் கேட்டுப் பெறுகின்றனர். இதயம் திடீரென நின்றுவிட்டால் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதையும் அவர்கள் கற்றுச் செல்வது அவசியம்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். இதய நிறுத்தத்தில் இரத்த ஓட்டமே நின்று, சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியவும் கூடும். இரத்தம் கிடைக்காத மூளை 4 முதல் 6 நிமிடங்களில் பாதிப்படையத் தொடங்கும். அதற்குள் உதவக்கூடியவர் அருகில் இருப்பவர் மட்டுமே.

விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில் இதய நிறுத்தம் என்றே கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சு என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் புகட்ட வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கி அருகில் வையுங்கள்.

அவரைத் தரையில் மல்லாந்து கிடத்துங்கள். மார்பின் நடுவே ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ.; வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ வேண்டும். களைத்தால் 2 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறலாம், அழுத்தம் நிற்கலாகாது. விலா எலும்பு முறியக்கூடும் என்று அஞ்சித் தயங்க வேண்டாம், எலும்பு கூடிவிடும்.

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஏ.இ.டி. கருவி அருகில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். இயக்கியதும் அது குரல்வழி வழிகாட்டும். ஈரத்தைத் துடைத்து, ஓர் ஒட்டுப்பட்டையை வலப்புறக் காறையெலும்பின் கீழும், மற்றொன்றை இடப்புற அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். கருவி துடிப்பை ஆராயும்போதும் மின்னதிர்ச்சி தரும்போதும் எவரும் நோயாளியைத் தொடலாகாது. தேவையில்லாதபோது அது மின்னதிர்ச்சிக்கு அனுமதிக்காது. பின்னர் உடனே அழுத்தத்தைத் தொடருங்கள்.

குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் செயற்கை மூச்சும் இன்றியமையாதது. அதனைப் பயிற்சி பெற்றே செய்தல் நலம். வாசித்து அறிந்ததை விட, பயிற்சிப் பொம்மையின் மீது ஒருமுறை அழுத்திப் பழகிய கைகள் பதற்றத்திலும் தயங்குவதில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இப்பயிற்சியைப் பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள். வீட்டில் இருவரேனும் கற்றுக்கொள்ளுங்கள்.