காயலான் கடைக்குப் போகுமுன்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் கடையைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து டால்டா டப்பா, ஓட்டைத் தராசுத் தட்டு, வீசைக் கல், இரும்புப் படி எல்லாம் இறங்குகின்றன. நாமும் அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், 1957 முதல் இத்தகைய கழிவுகளைத்தான் சேர்த்தார். உடைந்த வளையல், பீங்கான், மின்சாமான்களால் மனிதரும் விலங்குமாகச் சிலைகள் செய்தார். அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலை. ஆயினும் இடிக்காமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மேல்நாடுகளில் பழைய டப்பாவை உடலாகவும், கரண்டியைக் கையாகவும், மூடியை முகமாகவும் வைத்து 'ரோபோ' பொம்மை செய்கிறார்கள். பற்றவைப்பு தேவையில்லை, துளையிட்டுத் திருகாணி போட்டால் போதும். எடைக்கல்லைப் பாதமாக வைத்தால் சாயாது.

ஒரு எச்சரிக்கை. மெட்ரிக் எடை 1958 முதல் படிப்படியாக வந்தபின் வீசையும் சேரும் வழக்கொழிந்தன. முத்திரையில்லாத கல்லை வியாபாரத்தில் பயன்படுத்துவது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே பழைய கல்லைத் தராசருகே வைக்காதீர்கள்.

எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும். வீசை என்றால் என்னவென்று பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வணிகப் பெருமக்கள் யோசிக்க வேண்டும்.