ஆதியாகமமும் கிருஷ்ணகிரிப் பாறையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அடித்தளமாகக் கிடக்கும் பட்டைப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஜூஜுவாடி சோதனைச்சாவடியிலிருந்து ஓசூர் சிப்காட் வரை தொழிற்சாலைகளைத் தாங்கி நிற்பவை இத்தகைய தொல்பாறைகளே. பர்கூர் பக்கத்துக் குவாரிகளில் வெட்டி, பட்டறையில் அறுத்து, பளபளப்பேற்றி, கிரானைட் என்ற பெயரில் கப்பலேறுபவையும் இவைதான். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து வரலாறாக வாசிக்கும் கிறிஸ்தவர்களோ உலகத்தின் வயதை 6,000 முதல் 10,000 ஆண்டுகள் என்கின்றனர்.

இந்த இரண்டு கணக்கும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் கடவுள் உலகைப் படைத்தார் என்ற நம்பிக்கையும், உயிர்கள் பரிணாமத்தால் உருவாயின என்ற அறிவியலும் ஒத்துப்போகுமா என்பது வேறு கேள்வி. இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவாதத்தைத் தீராத சண்டையாக வைத்திருக்கிறது.

ஆறு நாள் என்பது என்ன?

கத்தோலிக்கர் தொடக்க நூல் என்றும் சீர்திருத்தச் சபையார் ஆதியாகமம் என்றும் அழைக்கும் நூலின் முதல் அதிகாரத்தில் படைப்பு ஆறு நாளில் முடிகிறது. முதல் நாள் வெளிச்சம், மூன்றாம் நாள் செடிகொடிகள், நான்காம் நாள் சூரியன், ஆறாம் நாள் விலங்குகளும் மனிதரும். இரண்டாம் அதிகாரத்தில் வரிசை மாறுகிறது. அங்கே முதலில் ஆண், பிறகு தோட்டம், அதன்பின் விலங்குகள், கடைசியாகப் பெண்.

சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாள்கள் எப்படி நாள்களாயின என்ற ஐயம் நாத்திகர் எழுப்பியதல்ல. 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜனும் 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் அதை எழுப்பினார்கள். இருவருமே அந்த நாள்களை 24 மணி நேர நாள்களாகக் கொள்ளவில்லை. கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என்ற புகழ்பெற்ற கணக்கு, அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்டது. வேதாகமத்தில் வரும் வம்ச அட்டவணைகளையும் அரசர்களின் ஆட்சிக் காலங்களையும் கூட்டி அவர் அதைக் கண்டார். பிற்காலத்து ஆங்கில வேதாகமங்கள் அந்த ஆண்டைப் பக்க ஓரத்தில் அச்சிட்டதால், மூலத்திலேயே அது இருப்பதாகப் பலர் நம்பினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வில்லியம் பக்லண்ட், ஆடம் செட்விக் போன்ற குருமார்களே புவியியல் பேராசிரியர்களாக இருந்து, பூமி மிகமிகப் பழையது என்று கற்பித்தார்கள். டார்வின் எழுதத் தொடங்கும் முன்பே திருச்சபைக்குள் வந்துவிட்ட செய்தி அது.

பாறை எப்படி வயது சொல்கிறது?

கிரானைட் பலகையை உற்றுப் பார்த்தால் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கருப்புமாகப் பட்டைகள் வளைந்து ஓடுவது தெரியும். பூமியின் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பாதி உருகிய பாறை மடிந்து இறுகியதன் தடம் அது. அதற்குள் கண்ணுக்கு எளிதில் தென்படாத அளவில் சிர்கான் என்ற படிகங்கள் உண்டு. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுமையாக விலக்கிவிடும். ஆகவே பின்னாளில் அதில் காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்ததே.

யுரேனியம் 238இல் பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம் 235இல் பாதி சிதைய சுமார் 70 கோடி ஆண்டுகள் போதும். வெவ்வேறு வேகத்தில் நடக்கும் இரண்டு சிதைவுகளும் ஒரே வயதைக் காட்டினால் அந்தக் கணக்கை நம்பலாம். இப்படி அளந்தே விண்கற்களிலிருந்து பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்றும், கிருஷ்ணகிரிப் பாறைகள் அதில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தைக் கண்டவை என்றும் தெரியவந்தது.

வயலில் நடக்கும் பரிணாமம்

சார்லஸ் டார்வின் 1859இல் முன்வைத்த இயற்கைத் தேர்வின் அடிப்படை எளியது. ஓர் இனத்தின் உயிர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேறுபாடுகளில் பல மரபுவழி தொடரும். சூழலுக்குத் தோதான வேறுபாடு உடையவை அதிகம் பிழைத்துப் பெருகும்.

ஓசூர் வட்டாரத்துக் கோஸ் விவசாயிக்கு இது பழக்கமான விஷயம். கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது எப்படி? ஒரு மருந்தை அடித்தால் பெரும்பாலான பூச்சிகள் சாகின்றன. அதைத் தாங்கும் மரபணு தற்செயலாக அமைந்த சில மட்டும் பிழைத்து, முட்டையிட்டு, அடுத்தடுத்த தலைமுறைகளை நிரப்புகின்றன. டி.டி.டி. மருந்தை இந்தப் பூச்சி எதிர்த்து நிற்பது 1953லேயே ஜாவாத் தீவில் பதிவானது. மருந்தை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லும் வேளாண் அறிவுரைக்குப் பின்னால் நிற்பது டார்வின் சொன்ன கோட்பாடுதான்.

இத்தகைய சிறு மாற்றங்களைப் படைப்புவாதிகளும் ஏற்கிறார்கள். ஓரினம் இன்னோரினமாக மாறுவதைத்தான் மறுக்கிறார்கள். ஆனால் தொல்லுயிர் எச்சங்களின் வரிசையும், உடல் அமைப்பின் ஒற்றுமையும், மரபணுக்களின் ஒப்பீடும் தனித்தனியே ஆராயப்பட்டும் ஒரே வம்சக் கிளைப்பையே காட்டுகின்றன. உயிரியலில் இப்போது நடக்கும் விவாதம் பரிணாமம் எப்படி நடந்தது என்பதைப் பற்றியது. நடந்ததா என்பதைப் பற்றியதல்ல.

ஒரே குடும்பத்தில் வேதாகமமும் கற்கோடரியும்

தமிழகத்தில் இந்த இரண்டு உலகங்களும் ஒரே குடும்பத்தில் சந்தித்தன. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவருடைய மருமகன் இராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதிகாரி. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்றாயிற்று. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கண்ட அதிரம்பாக்கத்தின் கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011இல் அறிவித்தது. அஷரின் கணக்கு அங்கே நிற்காது. ஆனால் அந்தக் கற்கருவிகளைத் தேடியெடுத்த ஃபூட்டின் நினைவிடம் ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தில்தான் இருக்கிறது.

கிறிஸ்தவர்கள் ஒரே அணி அல்ல

படைப்பைக் கிறிஸ்தவர்கள் புரிந்துகொள்ளும் விதம் பலவகை. இளம் பூமிக் கொள்கை இன்றைய வடிவில் பரவியது, 1961இல் ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் ஆகிய அமெரிக்கர்கள் எழுதிய நூலுக்குப் பிறகுதான். பாறை அடுக்குகள் எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் படிந்தவை என்றார்கள் அவர்கள். அடுத்து வந்தது அறிவார்ந்த வடிவமைப்பு வாதம்: உயிரணுவின் சிக்கலுக்கு ஒரு வடிவமைப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது அதன் வாதம். அது அறிவியல் அல்ல, சமயக் கருத்தே என்று பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் 2005இல் தீர்ப்பானது.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழியில் சென்றது. மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இல் அறிவித்தார். பரிணாமம் வெறும் ஊகமல்ல என்று இரண்டாம் யோவான் பவுல் 1996இல் ஒப்புக்கொண்டார். ஆன்மாவை நேரடியாகப் படைப்பவர் கடவுளே என்பது திருச்சபை விட்டுக்கொடுக்காத நிலை. சீர்திருத்தச் சபைகளிலும் பரிணாமத்தைக் கடவுளின் படைப்பு முறையாகக் கொள்வோர் பலர்.

இந்த நிலையிலும் கடினமான கேள்விகள் மிஞ்சுகின்றன. ஆதாமின் பாவத்தால் சாவு வந்தது என்று வேதாகமத்தில் திருத்தூதர் பவுல் எழுதுகிறார். மனிதர் தோன்றும் முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் செத்து மடிந்துகொண்டிருந்தன. இன்றைய மனிதரின் மரபணு வேறுபாடுகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே இணையிலிருந்து வந்திருக்கவும் முடியாது. இறையியலார் இதற்கு ஒருமித்த விடை தரவில்லை.

அறிவியலின் எல்லை

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தாவல் நடக்கிறது. இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணத்தைத் தேடுவது அறிவியலின் முறை. ஆய்வுக்கூடத்தில் விசுவாசியும் நாத்திகரும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். இயற்கைக்கு அப்பால் எதுவுமே இல்லை என்பது தத்துவ முடிவு. முன்னதைக் காட்டிப் பின்னதை நிரூபித்துவிட்டதாகச் சொல்வது அளவுகோலால் அளக்க முடிந்தவை மட்டுமே இருக்கின்றன என்று சொல்வதற்குச் சமம்.

இந்த எல்லையைக் கறாராகக் காத்தவர் பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமாய்த்ரே. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் கணக்கிட்டு, பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவர் அவர். அந்தக் கொள்கை படைப்பை உறுதிப்படுத்துவதாக 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் பேசியபோது, அப்படி இணைப்பதை லெமாய்த்ரே விரும்பவில்லை. இயற்பியல் சமன்பாட்டை வைத்து கடவுளை நிரூபிப்பதும் மறுப்பதும் அவருக்கு உடன்பாடல்ல.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு அவசரத் தேவை. டார்வின் கோட்பாடு தவறு என்று 2018இல் மத்திய இணையமைச்சர் ஒருவர் சொன்னபோது நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் 10ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டதை எதிர்த்து 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டனர். தமிழ்நாட்டுப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் கற்பிப்பவர்கள் அந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் விசுவாசத்துக்கு எதிரியாகக் காட்ட வேண்டாம்; அறிவியல் வகுப்பெடுப்பவர்கள் அவர்களுடைய ஜெபத்தை அறியாமை என்று கேலி செய்யவும் வேண்டாம். பூமியின் வயது பற்றிய தீர்ப்பு பாறையில் இருக்கிறது. அதை மறைத்துத்தான் கடவுளைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை எந்த விசுவாசிக்கும் இல்லை.