மலையும் முகிலும் மானியும்: கொத்மலைப் பிரதேசத்தை முன்வைத்து விமான வானிலையியல் பற்றிய ஓர் அறிமுகம்

1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா நோக்கி ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டீ.சி.8 விமானம், மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 182 பயணிகளும் 9 பணியாளரும் மாண்டனர். இறங்கவேண்டிய கட்டுநாயக்கா விமான நிலையம் இன்னும் ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. மலை அங்கேயே இருந்தது. அதன் உயரமும் அளக்கப்பட்டிருந்தது. ஆயினும் விமானம் அதில் மோதியது. இவ்வாறு நேர்ந்தது எவ்வாறு என்னும் வினா, விமானம் ஓட்டக் கற்போர் முதலிற் பயிலும் வானிலையியலின் அடிப்படைகளை நோக்கி நம்மை இட்டுச்செல்கின்றது.

மலைநாட்டின் வானிலையை மலையே பெரிதும் ஆக்குகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் மேலெழுகின்றது. மேலெழும் காற்று, அமுக்கம் குறைவதால் விரிந்து, விரிவதால் குளிர்கின்றது. ஈரம் நீராய் ஒடுங்காதவரை 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிரும். ஒடுங்கத் தொடங்கியபின், மறைவெப்பம் வெளிப்படுவதால், குளிர்ச்சி வீதம் குறையும். கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் நாட்டின் மிகை மழை பெறும் இடங்களாக இருப்பதற்கு இதுவே காரணம். மழையை மேற்கிலே இழந்த அதே காற்று, மலையைக் கடந்து ஊவாவின் பக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடேறி வரள்கின்றது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என அழைக்கும் வரண்ட காற்றும் இவ்வியக்கத்தின் விளைவே. ஆகவே மழையும் வரட்சியும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முகிலின் அடித்தளம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதைக் கணிப்பதற்கு விமானியிடம் எளிய விதியொன்று உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடு நிலைக்குமுள்ள வேறுபாட்டை 125ஆற் பெருக்கினால் தரையிலிருந்து முகிலடி வரையுள்ள உயரம் ஏறத்தாழ மீற்றரிற் கிடைக்கும். கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றர் அளவிலுள்ள கொத்மலை நீர்த்தேக்கத்தருகே வெப்பநிலை 24 பாகை, பனிபடு நிலை 20 பாகை எனக் கொள்வோம். முகிலடி 500 மீற்றர் மேலே, அதாவது கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றரில் அமையும். பள்ளத்தாக்கில் நிற்பவனுக்கு அது தலைக்கு மேலுள்ள முகில். றம்பொடைக்கு மேலுள்ள மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அதுவே தன்னைச் சூழ்ந்த மூடுபனி. ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு முகிலின் கீழாகவே பறந்து சென்றுவிடலாம் என எண்ணும் விமானி, முகிலுக்குள் மலை இருப்பதை மறந்தவனாவான்.

நாளின் நேரமும் இங்கு முக்கியமானது. பகலில் வெயில்பட்ட சரிவுகளின்மேற் காற்று ஏறுகின்றது. பிற்பகலில் முகில் திரள்கின்றது. இரவிற் குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தை நோக்கி வழிந்து, விடியலில் மூடுபனியாய்த் தேங்குகின்றது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் தேயிலையைக் கருக்கும் உறைபனியும் இத்தகைய குளிர்ச்சியின் விளைவே. காற்று வலுத்து வீசும் நாட்களில் முகட்டின் மறுபுறத்திற் கீழ்நோக்கிய ஓட்டமும் சுழலும் தோன்றும். சிறு விமானத்தின் ஏறுதிறனை அவை விஞ்சிவிடக்கூடும்.

உயரமானி உண்மையில் அளப்பது அமுக்கத்தையே. கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு ஏறத்தாழ 8 மீற்றருக்குச் சமம். உண்மை அமுக்கம் மானியிற் பொருத்திய அளவிலும் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருப்பின், விமானம் மானி காட்டுவதிலும் 80 மீற்றர் தாழ்வாகப் பறக்கும். மானி சரியாக இருந்தாலும் அது கடல்மட்டத்திலிருந்துள்ள உயரத்தையே கூறும். கீழே இருப்பது கடலா, மலையா என்பதைக் கூறாது. அதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1974இல் தவறியது இதுவே. விசாரணை சுட்டிய காரணம் புயலோ இடியோ அன்று. விமான நிலையம் சார்ந்த தமது இடத்தைத் தவறாக இனங்கண்ட பணியாளர், பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கினர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியிலும் வானிலை ராடாரிலும் தங்கியிருந்தமை தவறான விளக்கத்துக்கு இடமளித்தது என்பதே அம்முடிவு. டொப்ளர் கருவி தரைசார்ந்த வேகத்தையும் விலகலையும் அளந்து இடத்தைக் கணிப்பது. சிறு பிழைகள் தூரத்தோடு பெருகும். வானிலை ராடார் மழைத்துளியின் எதிரொலியையும் காட்டும், தரையின் எதிரொலியையும் காட்டும். இவற்றைப் பிரித்தறிவது மனிதனின் வேலை. கருவி தருவது தரவு. அதற்குப் பொருள் தருவது அறிவு.

இவ்வறிவு யாருடையது என்பதும் கேட்கப்படவேண்டிய வினாவாகும். மலைநாட்டின் மழைவீழ்ச்சி பற்றிய நீண்டகாலப் பதிவுகளிற் கணிசமானவை தோட்டங்களின் மழைமானிகளிலிருந்து கிடைத்தவை. அளவு ஏட்டில் ஏறியது. அளந்த கை ஏறவில்லை. எந்த முகட்டில் எந்த வேளையில் முகில் இறங்கும் என்பதை உழைப்பின் வழியாக அறிந்த தொழிலாளி, வானிலை அறிக்கையின் பொருளாக இருந்தாளேயன்றி, அதன் வாசகியாகக் கருதப்படவில்லை. மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையே வர்க்க சமுதாயம் எழுப்பிய சுவர் இங்கும் நிற்கின்றது. விமானம் விழுந்த அதே 1974இல் உணவு நெருக்கடியாற் பட்டினியும் மரணமும் தோட்டங்களைச் சூழ்ந்திருந்தன. விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாய் நிற்கின்றது. பட்டினியால் மாண்டோருக்கு அத்தகைய சின்னம் எளிதிற் காணக்கிடைப்பதில்லை.

இது பழங்கதையன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையால் மலைநாட்டிற் சரிவுகள் இடிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, கொத்மலையிற் சிக்கியோரை மீட்க ஹெலிகொப்டர்கள் பறந்தன. அவ்வேளையில் முகிலடியின் உயரம் விமானியின் பாடப்புத்தகக் கணக்காக மட்டும் இருக்கவில்லை; லயத்தில் இருப்பவரின் உயிர்க்கணக்காகவும் இருந்தது. வானிலையறிவு தோட்டப் பாடசாலைக்கும் லயத்துக்கும், அவர்தம் மொழியில், உரிய வேளையிற் சென்றடைய வேண்டும் என்பது தயவு கோரும் விண்ணப்பமன்று. அவ்வறிவின் ஆக்கத்திற் பங்குகொண்டோரின் உரிமை அது.