கழுவெளிக்குப் போகிறீர்களா? கையில் பைனாகுலர் இருக்கட்டும்!

விடியற்காலை நேரம். பனி இன்னும் விலகவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். நடு ஏரியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அது என்ன? நுரையா? மணல் திட்டா? வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வையுங்கள். அடடா! அது கோடு அல்ல, பறவைக் கூட்டம்! நீண்ட கழுத்து, குச்சி போன்ற கால்கள், வளைந்த அலகு. பூநாரைகள்!

இந்தக் காட்சியைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே மரக்காணம் போகும் சாலையைப் பிடிக்க வேண்டும். மரக்காணத்துக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கிறது கழுவெளி ஏரி. எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடல் நீர் இதற்குள் வரும். மழைக்காலத்தில் சுற்று வட்டார ஏரிகளின் நீரும் வந்து சேரும். உப்பு நீரும் நல்ல நீரும் கலப்பதால் மீனும் புழுவும் பூச்சியும் ஏராளம். பறவைகளுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது?

கார்த்திகை, மார்கழி வந்தால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற விருந்தாளிகள் வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வருகின்றன. நம் ஊர்க் கூழைக்கடாக்களும் நாரைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

துப்பாக்கிக்குத் தடை

வெள்ளைக்காரத் துரைமார்கள் காலத்தில் ஏரிக்கரை என்றால் வேட்டைதான். உள்ளான் வேட்டை, வாத்து வேட்டை என்று துப்பாக்கியும் கையுமாகப் புறப்படுவார்கள். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். எத்தனை பறவை விழுந்தது என்று எண்ணிப் பெருமை பேசுவார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பறவையைச் சுடுவது மட்டும் அல்ல, கண்ணி வைப்பதும், கூட்டில் இருந்து முட்டை எடுப்பதும்கூட இந்தச் சட்டப்படி வேட்டைதான்.

கழுவெளியைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டில் இது 16-வது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு உள்ளே போவதே குற்றம்.

ஆனால் பைனாகுலருக்குத் தடை இல்லை!

பறவை மனிதர் என்று பெயர் பெற்ற சலீம் அலியின் கதை தெரியுமா? சிறுவனாக இருந்தபோது அவர் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதனால் ஒரு குருவியைச் சுட்டார். விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம்! வழக்கமான குருவியாகத் தெரியவில்லை. 'இது என்ன குருவி?' என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அந்தக் கேள்வி அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. 1985-ல் வெளிவந்த தம் சுயசரிதைக்கும் அந்தக் குருவியின் பெயரால்தான் தலைப்பு வைத்தார்.

8×42 என்றால் என்ன?

சரி, பைனாகுலர் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். அதன் மேல் 8×42 என்றோ 10×50 என்றோ எழுதியிருக்கும். இது என்ன கணக்கு?

முதல் எண், பெரிதாக்கிக் காட்டும் மடங்கு. 8 என்றால், 80 மீட்டர் தூரத்தில் இருக்கும் கொக்கு 10 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம். 42 என்றால் 42 மில்லிமீட்டர். அகலம் கூடினால் வெளிச்சம் அதிகம் நுழையும்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், கண் வைக்கும் இடத்தில் ஒரு சிறு ஒளி வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் அகலம்தான் இந்த 5 மில்லிமீட்டர். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் இது 4 அல்லது 5 இருந்தால்தான் காட்சி தெளிவாக இருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் 8×21 பைனாகுலரில் 3 கூட வராது. பகலில் அது போதும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலையில் மங்கிவிடும்.

"மடங்கு கூடினால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 8 மடங்கு பெரிதாகத் தெரிந்தால் கை நடுக்கமும் 8 மடங்கு பெரிதாகும். பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும். பறவை எங்கே என்று தேடுவதற்குள் அது பறந்தே போய்விடும்! குழந்தைகளும் பெரியவர்களும் மாறி மாறிப் பார்க்கும் குடும்பத்துக்கு 8 மடங்கு போதும். 10-க்கு மேல் போனால் தாங்குக்கால் வேண்டும்.

கடைத்தெருவில் ஒரு குரல் கேட்கும்:

"சார், இது 30×60! நிலாவில் இருக்கும் பள்ளம்கூடத் தெரியும்!"

"அண்ணே, கொஞ்சம் கொடுங்க, பார்க்கிறேன்" என்று வாங்கிப் பாருங்கள். கையடக்கமான பைனாகுலரில் 60 மில்லிமீட்டர் கண்ணாடி எப்படி இருக்க முடியும்? ஒரு ஸ்கேலை வைத்து அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்கண்ணாடி ரத்தச் சிவப்பாகப் பளபளத்தாலும் மயங்க வேண்டாம். அது பார்க்க அழகு; அதன் வழியாகப் பார்த்தால் நிறம் மாறித் தெரியும்.

கடை வாசலுக்கு வந்து தூரத்தில் உள்ள பெயர்ப் பலகையைப் பாருங்கள். எழுத்துகள் ஓரத்திலும் தெளிவாக இருக்கின்றனவா? இரண்டு குழலின் வட்டங்களும் ஒரே வட்டமாக ஒன்றுகின்றனவா? ஐந்து நிமிடம் பார்த்தபின் தலை வலிக்கிறதா? வலித்தால் குழல்கள் கோணலாக இருக்கலாம். எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

தூரம் சொல்லும் பைனாகுலர்

இப்போது இன்னொரு ரகம் வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் '240 மீட்டர்' என்று தூரத்தையே எண்ணில் காட்டிவிடும்! ஜெர்மனியின் லைக்கா கம்பெனி 1992-ல் இப்படி ஒரு லேசர் பைனாகுலரைக் கொண்டுவந்தது.

இது வேட்டைக்காரர்களுக்காக வந்தது. துப்பாக்கிக் குண்டு நேர்க்கோட்டில் போவதில்லை. போகப் போகக் கீழே இறங்கும். எவ்வளவு மேலே குறி வைப்பது என்பதற்குத் தூரம் தெரிய வேண்டும். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் இன்றும் இதற்குக் கிராக்கி உண்டு.

உள்ளே நடப்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்பு ஒன்று பாய்ந்து போய், எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும். ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும் அல்லவா? 300 மீட்டர் போய்த் திரும்ப, ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 2 பங்கு நேரம்தான். அதையும் அளந்துவிடுகிறது அந்த இயந்திரம்!

ஆனால் ஏரியில் இதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. பனி இருந்தால் ஒளி சிதறும். முன்னால் கோரைப்புல் இருந்தால் புல்லின் தூரத்தைச் சொல்லும். சிறிய பறவை என்றால் போதிய ஒளி திரும்பி வராது. உயர்ந்த ரகத்தின் விலையோ லட்சத்தைத் தாண்டுகிறது. பறவை பார்க்கப் போகும் குடும்பத்துக்கு இது வீண் செலவு என்பேன். தூரம் அளக்க உங்கள் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. காலணா செலவில்லை!

கட்டை விரல் கணக்கு

வலக்கையை நேராக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பார்த்து, விரலைப் பறவைக்கு நேராக வையுங்கள். இப்போது விரலை அசைக்காமல் கண்ணை மட்டும் மாற்றுங்கள். விரல் பக்கவாட்டில் தாவியது போல் தெரியும்.

பறவைக்குப் பக்கத்தில் ஒரு படகு நிற்கிறது என்று வையுங்கள். படகின் நீளம் 6 மீட்டர். விரல் மூன்று படகு நீளம் தாவினால் 18 மீட்டர். அதைப் பத்தால் பெருக்குங்கள்: 180. பறவை சுமார் 180 மீட்டர் தூரத்தில் இருக்கிறது! கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைப்போலக் கையின் நீளம் ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால்தான் பத்தால் பெருக்குகிறோம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கைவிட ஆசையோடு செய்வார்கள்.

சுடப் போவதில்லையே, தூரம் எதற்கு? நாம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதற்குத்தான். வேட்டைக்காரன் கிட்டே போவதற்காக அளந்தான். நாம் எட்டி நிற்பதற்காக அளக்கிறோம். நீண்ட பயணத்தில் இளைத்து வந்த பறவை இங்கே தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டால்தான் திரும்பிப் போக முடியும். நாம் கிட்டே போகப் போக, அது தீனியை விட்டுப் பறக்கும். ஒரு நாளைக்குப் பத்துக் குடும்பம் இப்படி விரட்டினால் அதன் கதி என்ன?

இத்தனை மீட்டர் என்று எல்லாப் பறவைக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. பறவையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குனிந்து மேயும் வரை பயம் இல்லை. மேய்வதை நிறுத்திவிட்டு எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நாலைந்து எட்டு பின்னால் வாருங்கள். கழுத்துகள் மறுபடி குனியும். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, பிள்ளைகள் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை: பைனாகுலரால் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி பார்த்தாலும் கண் பழுதாகிவிடும். எனவே காலையில் போனால் ஏரியின் கிழக்குக் கரையில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். மாலையில் போனால் மேற்குக் கரை. கண்ணுக்கும் ஆபத்தில்லை, பறவைகளின் நிறமும் பளிச்சென்று தெரியும்.